ஐயா நேரலையில் இருக்கிறார்

ஞாயிற்றுக்கிழமை உலகத்தில் எதுவும் நடக்கக்கூடாது என்பது 'நாலுமாசி நியூஸ்' தொலைக்காட்சியில் யாரும் எழுதி வைக்காத விதி. எழுதி வைத்தது வேறு. வாசல் பலகையிலும், வேனின் இரண்டு பக்கங்களிலும், மைக்கின் கழுத்தில் மாட்டிய அட்டையிலும் "நடக்கும்போதே நாங்கள், 24 மணி நேரமும்" என்று சிவப்பில் மின்னும். அந்த இருபத்துநாலு மணி நேரம் திங்கள் முதல் சனி மதியம் வரைக்கும்தான். சனிக்கிழமை மதியம் செய்தி வாசிக்கிறவர்கள் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அதற்கப்புறம் முன்பே பதிந்து பெட்டியில் போட்டு வைத்தது ஓடும். போன வாரம் அனல் பறந்த விவாதம் சனி ராத்திரி ஆறிப்போய் மறுபடி வரும். ஞாயிறு காலை ஏழு மணிக்கு மூட்டுவலி வைத்தியர், எட்டு மணிக்கு நாட்டுக்கோழிக் குழம்பு, ஒன்பது மணிக்கு வீட்டு மனை. பத்து மணிக்கு ஐயா.

ஐயா என்றால் நிறுவனர், நிர்வாக இயக்குநர், முதன்மை ஆசிரியர் டாக்டர் நல்லகாமன். டாக்டர் பட்டம் ஒரு ஓட்டல் ஹாலில் சால்வையோடு சேர்ந்து வந்தது. சால்வை சாயம் போய்விட்டது, பட்டம் இன்னும் புதுசாக இருக்கிறது. 'ஐயாவுடன் ஒரு மணி நேரம்' என்பது நிகழ்ச்சியின் பெயர். ஐயா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து வாழ்க்கை, வியாதி, விவசாயம், பிள்ளை வளர்ப்பு எல்லாவற்றைப் பற்றியும் பேசுவார். நேயர்கள் போன் செய்து சந்தேகம் கேட்பார்கள். திரையின் வலது மூலையில் ஒரு சிவப்புப் பொட்டு மினுக்கிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் 'நேரலை' என்றிருக்கும்.

நேரலை எல்லாம் ஒன்றும் இல்லை. மாதத்தின் முதல் புதன்கிழமை, நாலு சட்டையோடு ஐயா வருவார். வெள்ளை, சந்தனம், வானநீலம், ரோஸ். ஒரே நாளில் நாலு ஞாயிறும் முடிந்துவிடும். ஐயாவின் டிரைவர் காளைதான் நேயர். மேக்கப் அறைக்குள் உட்கார்ந்துகொண்டு மேலூர் மாயழகு, உசிலம்பட்டி பால்காரர், பெயர் சொல்ல விரும்பாத ஒரு சகோதரர் என்று மூன்று குரலில் பேசுவான். காளைக்குத் தெரிந்தது ஒரு குரல்தான். அதை வேகமாக, மெதுவாக, இருமிக்கொண்டு என்று மூன்றாகப் பிரித்து வைத்திருந்தான்.

ஐயாவுக்கு எதற்கு இந்த வேலை என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். மதுரைச் சுற்றுவட்டாரத்தில் ஒருவர் பெரிய மனிதராகிவிட்டால் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இல்லாமல் போய்விடும். கல்யாணம், காதுகுத்து, பூப்புனித நீராட்டு, புதுமனைப் புகுவிழா, கிடாவெட்டு என்று பத்திரிகைகள் வந்து விழும். எதற்குப் போகாவிட்டாலும் பகை. "அன்னைக்கு நேரலை இருக்கேப்பா" என்று சொன்னால் மட்டும் பகை இல்லை, மரியாதை. பத்திரிகை வைத்தவன் வீட்டுக்குப் போய், "அண்ணன் டிவியில இருக்காராம், எப்படி வருவாரு?" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வான்.

கோரிப்பாளையத்தில் ஒரு மெத்தைக் கடையின் மூன்றாவது மாடியில் இருந்தது அலுவலகம். ஞாயிறு பணிக்குப் பொறுப்பாளர் ரூத். பெயர்தான் பொறுப்பாளர், பெட்டி ஓடுகிறதா என்று பார்ப்பதுதான் பொறுப்பு. மற்ற எல்லாருக்கும் ஞாயிறு விசேஷ வீடு இருந்தது. "ஒனக்குக் கோயில்தானேம்மா, சாயங்காலமும் ஆராதனை உண்டுல்ல" என்று சொல்லிச் சொல்லியே ஆறு வருஷ ஞாயிறையும் அவள் தலையில் கட்டியிருந்தார்கள். பெட்டியை ஓட்டுகிறவர் தனிஸ்லாஸ் அண்ணன். ஆறு மணிப் பூசையை முடித்துக்கொண்டு, இட்லிப் பொட்டலத்தோடு வந்து கணினிகளுக்கு முன்னால் உட்கார்ந்தால் மாலை வரைக்கும் எழுந்திருக்க மாட்டார்.

அவருக்கு எதிரே சுவரில் பிளாஸ்டிக் உறை போட்ட ஆணை ஒன்று தொங்கியது. 'ஞாயிறு 10 முதல் 11 வரை எக்காரணம் கொண்டும் ஒளிபரப்பைத் தடை செய்யக்கூடாது.' எக்காரணம் என்பதற்குக் கீழே இரண்டு கோடு. போன வருஷம் முத்துக்குமரன் என்ற செய்தி ஆசிரியர், ஒரு முன்னாள் அமைச்சர் செத்துப்போனதற்காக ஐயாவை நாலு நிமிடம் நிறுத்தினான். இப்போது அவன் திரைக்கு அடியில் ஓடும் பிறந்தநாள் வாழ்த்துகளைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறான்.

அந்த ஞாயிறு, கார்த்திகை மழை மூன்றாவது நாளாகப் பெய்துகொண்டிருந்தது. எட்டு மணியிலிருந்தே ரூத்துக்கு உட்கார முடியவில்லை. சன்னலுக்குப் போவாள், தெருவைப் பார்ப்பாள், திரும்பி வந்து போனைப் பார்ப்பாள், நாற்காலியில் உட்காருவாள், எழுந்துவிடுவாள். வாடிப்பட்டிப் பக்கம் ஒரு கண்மாய் நிறைந்து மறுகால் பாய்கிறது, ரோட்டில் மரம் விழுந்து கிடக்கிறது என்று ஒவ்வொன்றாக வந்தது. திரையில் நாட்டுக்கோழிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

"ஏண்ணே, ஊரே முங்குது. நாம மல்லித்தழை தூவிக்கிட்டு இருக்கோம்."

"கறி வெந்துருச்சுல்ல. தூவித்தானே ஆகணும்" என்றார் தனிஸ்லாஸ், இட்லியைப் பிட்டுக்கொண்டே.

"அடியில ஓடுற வரியிலயாவது போடுங்களேன்."

அடியில் ஓடும் வரியில் பிறந்தநாள் வாழ்த்துகள் காசு கட்டி வரிசையில் நின்றன. இரண்டு வாழ்த்துக்கு நடுவில் ஒரு மழையைச் சொருகினார். "எங்கள் செல்லக்குட்டி யாழினிக்கு முதலாம் ஆண்டு வாடிப்பட்டி சாலையில் வெள்ளம் வாழ்த்தும் தாத்தா சித்தப்பா" என்று ஓடிற்று. சித்தப்பா உடனே போன் போட்டுச் சண்டைக்கு வந்தார். தனிஸ்லாஸ் மழையை எடுத்துவிட்டார்.

பத்து மணிக்கு ஐயா வானநீலச் சட்டையில் வந்து உட்கார்ந்து, "அன்பு நேயர்களே" என்று சிரித்தார். பத்தே கால் ஆகும்போது வாடிப்பட்டி நிருபர் அழகுபாண்டி போனில் கூப்பிட்டான். மழைச் சத்தத்தில் பாதிதான் கேட்டது.

"அக்கா, சீத்தாங்குளம் ரயில்வே சுரங்கப்பாதை நெறைஞ்சுபோச்சு. மறுகால் தண்ணி அப்படியே உள்ள பாயுது. ஒரு கார் நடுவுல மாட்டிக்கிருச்சு. டாப்பு மேல ரெண்டு பேரு உக்காந்துருக்காய்ங்க."

"வீடியோ எடுடா. யாருன்னு தெரியுதா?"

"தெரியுதுக்கா. ஒருத்தன் காளை அண்ணன்."

"இன்னொருத்தரு?"

"டிவியில யாரு ஓடிக்கிட்டு இருக்கா?"

ரூத் திரையைப் பார்த்தாள். ஐயா வெந்தயத்தின் மகிமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை.

அழகுபாண்டியின் போனை வைப்பதற்குள் காளையின் எண்ணிலிருந்து போன் வந்தது. பேசியது ஐயா.

"ரூத்து, நான்தான்."

"ஐயா! எங்கய்யா இருக்கீங்க?"

"டிவியில" என்றார் ஐயா. பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஊருக்கு நான் டிவியில இருக்கேன். இப்ப சொல்றது ஒனக்கு மட்டும். ஒரு மாந்தோப்புல கறிவிருந்து. கட்சியில மாவட்டப் பெரிய ஆளு கூப்பிட்டாரு. தேர்தல் சீட்டு விசயம். போகாம இருக்க முடியுமா? குறுக்கால போகலாம்னு இந்தக் காளைப் பய சொரங்கத்துக்குள்ள விட்டுட்டான்."

"நீங்கதானய்யா போடா போடான்னீங்க" என்று காளையின் குரல் பின்னாலிருந்து கேட்டது.

"தண்ணி எம்புட்டுய்யா இருக்கு?"

"கார் சன்னல் தெரியல. அது கெடக்கட்டும். பாண்டீஸ்வரி பிள்ளைக்கு ஆசி சொன்னேன்ல, அது எத்தனை மணிக்கு வருது?"

பாண்டீஸ்வரி ஐயாவின் கடைசித் தங்கச்சி. பேரையூரில் வாழ்க்கைப்பட்டவள். பத்து வருஷம் கழித்துப் பிறந்த பெண் குழந்தைக்கு இன்றைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அந்தத் தாய்மாமன், "அன்னைக்கு நேரலை தாயி. ஆனா ஒண்ணு, குத்துற நேரத்துக்கு நேரலையிலேயே பிள்ளைக்கு ஆசி சொல்றேன். உலகமே பாக்கும்" என்று வாக்குக் கொடுத்திருந்தார். வாக்குத் தவறவில்லை. புதன்கிழமையே சொல்லி முடித்துவிட்டார்.

"பத்து நாப்பத்திரெண்டு" என்றார் தனிஸ்லாஸ், போனுக்குக் கேட்கும்படி.

"அது முடியிற வரைக்கும் கை வைக்காதீங்க. அப்புறம் என்னத்தையும் செய்ங்க."

"ஐயா, இப்பவே பத்துப் பதினேழு. இன்னும் இருபத்தஞ்சு நிமிசம். தண்ணி ஏறுதுய்யா. தீயணைப்புக்குப் பேசினீங்களா?"

"பேசினேன். டாக்டர் நல்லகாமன் பேசுறேன்னேன். சிரிக்கிறான்ம்மா."

ரூத்துக்குப் புரிந்தது. "ஐயா, பேரைச் சொல்லாதீங்க. கார்ல ரெண்டு பேரு மாட்டிக்கிட்டோம்னு மட்டும் சொல்லுங்க."

"பேரைச் சொல்லாமயா?" ஐயாவின் குரலில் முதல் தடவையாக உண்மையான பயம் தெரிந்தது. "யாரோ ரெண்டு பேருன்னா சொல்லச் சொல்ற?"

இணைப்பு அறுந்தது.

ரூத் தானே தீயணைப்பு நிலையத்துக்குக் கூப்பிட்டாள். எடுத்தவர் நிலைய அலுவலர். அவருக்குப் பின்னால் ஒரு டிவி சத்தம் கேட்டது. அதில் ஐயாவின் குரல்.

"சார், நாலுமாசி நியூஸ்லருந்து ரூத் பேசுறேன். சீத்தாங்குளம் சுரங்கப்பாதையில எங்க ஐயா..."

"மேடம், ஒங்க சேனலைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். ஒங்க ஐயா நேரலையில இருக்காரு. இப்பத்தான் வெந்தயத்த ஊற வச்சுச் சாப்பிடச் சொன்னாரு."

ரூத் கதவைப் பார்த்தாள், சுவரில் தொங்கிய ஆணையைப் பார்த்தாள், கையை வாய்க்குக் குவித்துக்கொண்டு சொன்னாள். "சார், அது ரெக்கார்டிங்."

"நேரலைன்னு போட்டிருக்கீங்களேம்மா."

"போட்டிருக்கோம்."

"அப்ப பொய்யாப் போட்டிருக்கீங்களா?"

"ஆமா சார்."

"பொய்யாப் போடுற ஆளு சொல்றத நான் எப்படி நம்புறது?" அவர் கோபப்படவில்லை, அலுத்துப்போயிருந்தார். "காலையிலருந்து ஏழு வெத்து போன். வண்டி ரெண்டுதான் இருக்கு. ஒண்ணு மரம் வெட்டப் போயிருக்கு. இன்னொண்ண எங்க அனுப்புறதுன்னு நாலு எடத்துல கேக்குறாய்ங்க. கொஞ்சம் முன்னாடி ஒருத்தன் நாந்தான் டாக்டர் நல்லகாமன்னான், பின்னாலயே இன்னொருத்தன் அழுதுக்கிட்டே பேசினான், டாக்டர் நல்லகாமன் தண்ணியில மாட்டிக்கிட்டாருன்னு. அதே குரலு இப்ப மேலூர் மாயழகுன்னு ஒங்க டிவியில வந்து சக்கரை வியாதிக்கு மருந்து கேக்குது. ஆபீசுல உக்காந்து வெளையாடுறீங்களா?"

"வீடியோ அனுப்புறேன் சார்."

அழகுபாண்டி எடுத்து அனுப்பியிருந்ததை அனுப்பினாள். பார்த்துவிட்டுச் சொன்னார். "இந்தக் காலத்துல யாரு மூஞ்சிய யாரு கார் மேல வேணாலும் வைக்கிறாய்ங்கம்மா. ஒண்ணு செய்யிங்க. ஒங்க டிவியிலயே, அது நேரலை இல்லன்னு நீங்களே சொல்லுங்க. நான் வண்டிய அனுப்புறேன்."

ரூத் போனை வைத்துவிட்டு அறைக்குள் இரண்டு சுற்று நடந்தாள். மூன்றாவது சுற்றில் போன் அடித்தது. பேரையூர்.

மேளச் சத்தம், நாதஸ்வரம், அதற்கு மேலே கத்திக்கொண்டு பாண்டீஸ்வரி. "யக்கா, டிவி ஆபீசா? நான் ஐயா தங்கச்சி பேசுறேன். மணவறையிலேயே டிவியை வச்சுட்டோம். அதுக்கு முன்னாடி பிள்ளைய உக்கார வச்சிருக்கோம். மேளத்துல அண்ணன் பேசுறது கேக்கல. கொஞ்சம் சத்தமாப் பேசச் சொல்லுங்களேன்."

"சொல்..." என்று ரூத் திணறினாள்.

"பிள்ளை அழுகுது. ஒரு தடவை இங்கிட்டுப் பாத்துச் சிரிக்கச் சொல்லுங்க. தாய்மாமன் மடி இல்லாம குத்துறோம்னு எங்க மாமியா வீட்டுல வாய் மெல்லுறாக. பிள்ளை பேரச் சொல்லி அண்ணன் கூப்பிட்டுட்டா அம்புட்டுப் பேர் வாயும் அடைச்சுரும்."

அந்த நேரம் பார்த்துத் திரையில் ஐயா இடது பக்கமாகத் திரும்பிப் புன்னகைத்தார். புதன்கிழமை அந்தப் பக்கத்தில் டீ வந்திருந்தது.

"சிரிச்சுட்டாரு! சொல்லிட்டீங்களா? நல்லா இருப்பீங்கக்கா" என்று பாண்டீஸ்வரி போனை வைத்தாள்.

கள்ளம் இல்லாமல் நம்புகிற ஒருத்தியிடம் பொய்க்கு வாழ்த்து வாங்கியாயிற்று. மணி பத்து இருபத்தெட்டு.

அழகுபாண்டியைக் கூப்பிட்டாள். "தண்ணி இப்ப எங்க நிக்குது?"

"டாப்புக்கு மேல ஏறிருச்சுக்கா. ரெண்டு பேரும் எந்திரிச்சு நிக்கிறாய்ங்க. முழங்காலு வரைக்கும். இழுக்குது தண்ணி. இங்க ஒரு ஆடு மேய்க்கிறவரும் நானும்தான். கயிறு வீசிப் பாத்தோம், எட்டல. ஐயா யார்கிட்டயும் பேசமாட்டேங்கிறாரு. வாட்சையே பாத்துக்கிட்டு நிக்கிறாரு."

"போனை அவர்கிட்ட குடுக்க முடியாதுல்ல..."

"இருங்க, அவரே ஒங்களுக்குத்தான் போன் போடுறாரு போல."

போட்டார். "ரூத்து, எத்தனை மணி? எனக்குப் பத்து முப்பது காட்டுது."

"ஐயா, நான் நிப்பாட்டப் போறேன். டிவியில சொன்னாத்தான் வண்டி வருமாம்."

"பைத்தியமா நீ? பன்னெண்டு நிமிசம்மா! பேரையூர்ல எரநூறு பேரு ஒக்காந்து பாத்துக்கிட்டு இருக்கான். மாந்தோப்புலயும் டிவி ஓடுது. இப்ப நிப்பாட்டினா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு சீட்டு கேப்பேன்? பன்னெண்டு நிமிசம் நிக்க மாட்டனா? நின்னுருவேன். நீ ஆணையைப் படிச்சியா?"

"படிச்சேன்ய்யா."

"எக்காரணம் கொண்டும்னு போட்டிருக்குல்ல?"

போன் கை மாறியது. இப்போது காளை. மேலூர் மாயழகுவும் இல்லை, பால்காரரும் இல்லை. இந்தக் குரலை ரூத் கேட்டதே இல்லை.

"அக்கா, எனக்கு நீச்சல் தெரியாதுக்கா."

பிறகு ஏதோ சரிந்த சத்தம், ஐயா "டேய் டேய்" என்ற சத்தம். அதோடு அந்த எண் எடுக்கவில்லை.

ஐயாவுக்காவது டிவிக்குள் வானநீலச் சட்டை போட்ட உடம்பு ஒன்று உபரியாக இருந்தது. காளைக்கு இருந்தது அந்த ஒன்றுதான்.

"நிப்பாட்டுங்கண்ணே" என்றாள் ரூத்.

தனிஸ்லாஸ் சுவரைப் பார்த்தார். "எனக்கு ஒண்ணுக்கு வருது ரூத்து. நான் போயிட்டு வாரேன். நீயா வேணா..."

"நான் கேமராவுக்கு முன்னால உக்காரணும். யாரு மாத்திவிடுவா? காலையில பூசையில என்ன வேண்டிக்கிட்டீங்க?"

"மழை நிக்கணும்னு."

"அது நடக்கல. நம்மளால ஆனதைச் செய்வோம்."

தனிஸ்லாஸ் நாற்காலியை விட்டுப் பாதி எழுந்தவர் அப்படியே நின்றார். இட்லித் தாளைக் கசக்கிக் கூடையில் போட்டார். "ரெண்டு பொண்ணையும் கட்டிக்குடுத்தாச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "போ. போய் உக்காரு. வெளக்கு நானே போடுறேன்."

செய்தி அறையில் ஆணியில் தொங்கிய கோட்டை ரூத் எடுத்துப் பார்த்தாள். அவளைப் போல ஒன்றரை ஆளுக்குத் தைத்தது. மறுபடி மாட்டினாள். பவுடர் இல்லை. தலை மழையில் பாதி நனைந்து பாதி காய்ந்திருந்தது. ஆறு வருஷமாக இந்த நாற்காலிக்கு நேராகக் கேமராவைத் திருப்பி வைத்தவள் முதல் தடவையாக அதில் உட்கார்ந்தாள். நாற்காலி ஆடிற்று. உலகச் செய்திகளை எல்லாம் இந்த ஆட்டத்தில்தான் படித்தார்களா என்று ஒரு நினைப்பு வந்து போனது.

பத்து முப்பத்துமூன்றுக்கு, "குடும்பம் என்பது..." என்று ஐயா ஆரம்பித்த இடத்தில், ஐயா போய் ரூத் வந்தாள்.

"வணக்கம். நீங்க இவ்வளவு நேரம் பாத்தது நேரலை இல்லை" என்றாள். நிறுத்தி மறுபடி சொன்னாள். "நேரலை இல்லை. மாசத்தோட மொதப் புதன்கிழமை எடுத்து வச்சது. இதுல போன் போட்டுப் பேசினவரு எங்க டிரைவர் காளை. ரொம்ப நாளா இப்படித்தான் செய்யிறோம். அது தப்பு. இப்ப ஐயாவும் காளையும் வாடிப்பட்டிப் பக்கம் சீத்தாங்குளம் ரயில்வே சுரங்கப்பாதைத் தண்ணிக்குள்ள, கார் மேல நிக்கிறாங்க. இது உண்மை. தீயணைப்புக்காரங்க தயவுசெஞ்சு போகணும். பக்கத்து ஊர்ல இருக்கவங்க லாரி டியூபு, கயிறு எது இருந்தாலும் கொண்டு போங்க. இப்ப அங்க இருந்து எங்க நிருபர் காட்டுறதப் பாருங்க."

அழகுபாண்டியின் போன் காட்டியது. செம்மண் தண்ணீர், அதன் நடுவில் இடுப்பளவில் இரண்டு உருவம், ஒன்றை ஒன்று கட்டிப் பிடித்துக்கொண்டு. எது முதலாளி, எது டிரைவர் என்று சட்டென்று சொல்ல முடியவில்லை.

அறையில் இருந்த மூன்று போன்களும் ஒன்றாக அடித்தன.

முதல் போன் நிலைய அலுவலர். "வண்டி கெளம்பிருச்சும்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

இரண்டாவது போன் பேரையூர். மேளம் நின்றிருந்தது. ரூத் கேமராவை விட்டு எழுந்து ஓரமாக வந்து, "மன்னிச்சுருங்க" என்றாள்.

"பிள்ளை டிவியப் பாத்துக் கைய நீட்டிக்கிட்டு இருந்துச்சு" என்றாள் பாண்டீஸ்வரி. "சட்டுனு நீங்க வந்துட்டீங்க. எங்க அண்ணன் பிழைச்சுக்குமாக்கா?"

"வண்டி போயிருக்கும்மா. கிட்டத்துலதான்."

"அப்ப நான் சிரிக்கச் சொன்னேன், அண்ணன் சிரிச்சுச்சே."

பின்னால் யாரோ ஒரு கிழவி, "பாதியில நிப்பாட்டக்கூடாது, ஆசாரி ஊசிய எடுத்துட்டாரு" என்று கத்தினாள். பாண்டீஸ்வரி போனை வைக்காமலே யாரையோ கூப்பிட்டாள். "விருமாண்டி அண்ணே! ஏ சின்னண்ணே! இங்கிட்டு வா. அந்த வாளியக் கீழ வையி."

விருமாண்டி ஐயாவின் தம்பி. ஆட்டோ ஓட்டுகிறவர். ஐயா தம் பெயரைப் போடும் எந்தப் பத்திரிகையிலும் தம்பி பெயர் வராது. காலையிலிருந்து பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றவர் ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்து தாய்மாமனாக உட்கார்ந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் குழந்தை வீறிட்டு அழுவது கேட்டது. "ஒரு காது ஆச்சு" என்றாள் பாண்டீஸ்வரி, ரூத்துக்கா தனக்கா என்று தெரியாமல். அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

மூன்றாவது போன், நாட்டுக்கோழிக் குழம்பில் எத்தனை மிளகாய் சொன்னீர்கள் என்று கேட்டது.

டியூபோடு பக்கத்து ஊர் ஆட்கள் முதலில் வந்துவிட்டார்கள். சிவப்பு வண்டி பின்னாலேயே வந்தது. கயிறு கட்டி இரண்டு பேர் நீந்திப் போனார்கள். முதலில் யாரை ஏற்றுவது என்று கேள்வி வந்தபோது காளை ஏற்கெனவே டியூபுக்குள் இருந்தான். பத்து ஐம்பதுக்குக் காளை கரையில் குப்புறப் படுத்துச் சேற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தான். பத்து ஐம்பத்தைந்துக்கு ஐயா வந்தார். சட்டை இருந்தது. வேட்டியைத் தண்ணீர் வாங்கிக்கொண்டுவிட்டது. தீயணைப்பு வண்டியிலிருந்து ஒரு தார்ப்பாயைக் கொடுத்தார்கள். அதை இடுப்பில் சுற்றிக்கொண்டு வண்டிப் படியில் உட்கார்ந்து நடுங்கினார்.

ரூத் பெருமூச்சு விட்டாள். பிழைத்துவிட்டார்கள். நாளைக்கு அவள் பிறந்தநாள் வாழ்த்துத் தட்டச்சு செய்யலாம், அதுவும் இல்லாமல் போகலாம். அதை யோசிக்கக் கொஞ்ச நேரம் கிடைத்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தாள். கிடைக்கவில்லை. உண்மையைச் சொன்ன டிவியிடம் ஊரே உண்மை சொல்ல ஆரம்பித்திருந்தது. இன்ன தெருவில் கம்பி அறுந்து கிடக்கிறது, இன்ன பாலத்தில் போகாதீர்கள் என்று தனிஸ்லாஸ் பிறந்தநாள் வாழ்த்துத் தாள்களின் பின்பக்கத்தில் எழுதி எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

திரையில் ஐயா தலையைத் தூக்கினார். எதிரே நீட்டிய போனைப் பார்த்தார்.

"ஓடுதாடா?"

"ஓடுதுய்யா" என்றான் அழகுபாண்டி.

ஐயா தலைமுடியை இரண்டு கையாலும் வழித்துப் படிய வைத்தார். தார்ப்பாயை இழுத்து, அங்கவஸ்திரம் மாதிரி ஒரு முனையைத் தோளில் போட்டார். நடுக்கம் நின்றுவிட்டது.

"அன்பு நேயர்களே" என்றார். "மக்கள் படுகிற துன்பத்தைக் குளிர்சாதன அறையில் இருந்து பார்ப்பவன் அல்ல இந்த நல்லகாமன். வெள்ளத்தின் ஆழத்தை மக்களோடு மக்களாக, களத்திலேயே இறங்கி அளந்து பார்க்க வேண்டும் என்றுதான் இன்று அதிகாலை நான்..."

காளை சேற்றிலிருந்து முகத்தைத் தூக்கி அவரைப் பார்த்தான். மறுபடி சேற்றிலேயே முகத்தை வைத்துக்கொண்டான்.

அதே நேரம் ரூத் காதில் வைத்த போனில் வேறொருவர் கத்திக்கொண்டிருந்தார். இரண்டு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு சுரங்கப்பாதை. அதுவும் நிறைந்துகொண்டிருக்கிறது. கல்யாண வீட்டு வேன் ஒன்று அந்தப் பக்கம் வந்துகொண்டிருக்கிறது. டிரைவர் போன் எடுக்கவில்லை, ஆனால் வேனில் யாராவது டிவி பார்த்துக்கொண்டிருக்கலாம்.

"எனக்கு மாத்துங்கண்ணே" என்றாள் ரூத், நாற்காலிக்கு ஓடிக்கொண்டே.

தனிஸ்லாஸ் விரலைப் பொத்தானில் வைத்தபடி நின்றார். "ஐயா பேசிக்கிட்டு இருக்காரும்மா."

"பேசட்டும்ண்ணே. பதிஞ்சு வைங்க. அடுத்த ஞாயித்துக்கெழமை போட்டுக்குவோம்."

பொத்தான் அழுந்தியது. "அளந்து பார்த்த ஆழம் என்னவென்றால்" என்ற இடத்தில் ஐயா மறைந்தார். ரூத் மூச்சு வாங்கிக்கொண்டு, காதில் போனும் கையில் தாளுமாகக் கேமராவைப் பார்த்தாள்.

"கல்யாண வேன்ல போறவங்க, பச்சைக் கலர் வேன், டிரைவர்கிட்டச் சொல்லி ஒடனே நிறுத்துங்க" என்றாள். பிறகு போனில் இருந்தவரிடம், ஊர் பூராவும் கேட்கும்படி, "அண்ணே, லைன வெட்டிராதீங்க. வேன் தெரியுதா? நிக்குதா, வருதா?" என்று கேட்டாள்.